சிங்கப்பூரில் இலையுதிர்கால விருந்து: என்ன சமைக்கலாம்?

கேள்வி இது: "அக்டோபர் கடைசி வாரம், சனிக்கிழமை மாலை, எங்கள் அலுவலகத்தார் 40 பேருக்கு ஒன்றுகூடல். சக ஊழியர் ஒருவர் குடியிருக்கும் கொண்டோமினியத்தின் விருந்து அறையை எடுத்திருக்கிறோம். மேலதிகாரி லண்டன்காரர், 'ஆட்டம்' என்று கருப்பொருள் சொல்லிவிட்டார். சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில். சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள் எல்லாரும் உண்டு. சைவம் மட்டும் பத்துப் பேர். இந்த ஊரில் ஏது இலையுதிர்காலம்? என்ன கொடுப்பது?"

'ஆட்டம்' என்று படித்ததும் யாரோ நடன நிகழ்ச்சி வைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது இலையுதிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல் (autumn). இருபது வருடத்துக்கு மேல் இங்கே கேட்டரிங் வேலை பார்த்தவன் நான். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் இலைகளை மேசையில் தூவிவிட்டு, சாப்பாட்டில் வழக்கமான பீஹூனையும் மீன் உருண்டையையும் வைக்கிற 'ஆட்டம்' விருந்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் யோசித்தால் நன்றாகவே செய்யலாம்.

முதலில் பருவம். நம் ஆறு பருவங்களில் இலையுதிர்காலம் என்று ஒன்று தனியாக இல்லை. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். உங்கள் சனிக்கிழமை ஐப்பசியில் விழுகிறது. 'ஐப்பசி அடைமழை' என்று ஊரில் சொல்வார்கள். சிங்கப்பூரில் அக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வாக்கில்தான் முறையாகப் பிடிக்கும். அதற்கு முன்னால் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு வானம் கறுத்து, இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். உங்கள் சாப்பாடு தயாராகி வண்டியேறுகிற நேரத்தையும் அது தொட்டுவிடலாம். அதனால் உங்கள் மெனுவை லண்டன் இலைகளைப் பார்த்து எழுதாதீர்கள். இந்த மழையில் எது தாங்கும், சந்தையில் எது நன்றாக இருக்கும், அந்த வாரம் யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று பார்த்து எழுதுங்கள். லண்டன்காரருக்கு வேண்டிய பரங்கி, காளான், செஸ்நட், கிழங்கு எல்லாம் தானாகவே அதற்குள் வந்துவிடும்.

பரங்கியில் இருந்து தொடங்குகிறேன், என்னைக் கேட்டால் இந்த விருந்தின் கதாநாயகன் அதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய் என்பார்கள், சென்னையில் மஞ்சள் பூசணி, கொங்குநாட்டில் அரசாணி. தேக்கா சந்தையில் 'லாபு' என்றால் எந்தக் கடைக்காரருக்கும் புரியும். மழைக்காலத்துக்கு அது ஏன் ஏற்றது தெரியுமா? இந்த ஊருக்கு வேண்டிய சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. கீரைகளில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்து வருகிறது. அங்கே விடாமல் மழை பெய்தால் கீரை அழுகும், வரத்து குறையும், விலை ஏறும். பருவமழை வலுத்துவிட்டால் மீனும் அப்படித்தான், கிழக்குக் கரையில் படகுகள் கடலுக்குப் போவது குறையும். பரங்கிக்கு இந்தக் கவலை இல்லை. முழுக்காயாக வாங்கி வைத்தால் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சக்கரவள்ளியும் சேனையும்கூட அப்படித்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலேசியாவிலிருந்து வரும் பெரிய காயில் நீர் அதிகம். வெந்தால் குழைந்துவிடும். கூட்டுக்கும் சூப்புக்கும் அதுதான் சரி. கரும்பச்சைத் தோலோடு, கைக்கு அடக்கமாக, கனமாக இருக்கும் ஜப்பான் பரங்கியின் சதை மாவு போல இருக்கும். அடுப்பில் சுட்டாலும் துண்டு துண்டாகவே நிற்கும். பஃபேயில் ஒரு மணி நேரம் வைக்கப்போகிற வறுவலுக்கு இதைத்தான் எடுக்க வேண்டும். தோலைச் சீவ வேண்டாம், நன்றாகக் கழுவினால் போதும். இரண்டு விரல்கடை தடிமனுக்குப் பிறைப் பிறையாக வெட்டி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒன்றிரண்டாக இடித்த சோம்பு, ஒரு சிட்டிகை நாட்டுச்சர்க்கரை போட்டுப் புரட்டுங்கள். ஓவன் 200 டிகிரியில் நன்றாகச் சூடேறிய பிறகு, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி அரை மணி நேரம் விடுங்கள். நெருக்கி அடுக்கினால் வறுபடாமல் வெந்து தொலையும். ஓரம் கருகிச் சர்க்கரை பளபளக்கும்போது எடுத்து, மேலே வறுத்த பரங்கி விதையும் பொரித்த கறிவேப்பிலையும் தூவுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதைத்தான் மூன்றாவது தடவை எடுக்க வருவார்கள், பந்தயம் கட்டுகிறேன்.

பெரிய காயை வாங்கினால் தேங்காய்ப்பாலில் செய்யுங்கள். நம் பரங்கிக்காய்ப் பால்கூட்டும் மலாய்க்காரர்களின் 'மாசாக் லெமாக் லாபு'வும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. அவர்கள் மஞ்சளும் செராய் எனும் எலுமிச்சைப்புல் தண்டும் போடுவார்கள், பல வீடுகளில் உலர்ந்த இறாலும் சேரும். இறாலை விட்டுவிட்டு, செராயை நசுக்கிப் போட்டு, கடைசியில் நம் பாணியில் தேங்காயெண்ணெயில் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்துக் கொட்டினால், மேசையைச் சுற்றி நிற்கிற எல்லாரும் 'இது எங்கள் வீட்டுச் சமையல்' என்று சொந்தம் கொண்டாடுவார்கள். அளவு கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். வேறு காய்கறி ஒன்றும் இருக்கிற மேசையில் ஆளுக்கு 100 கிராம் என்று 40 பேருக்கு 4 கிலோ சமைக்க வேண்டும். பெரிய காயில் தோலும் குடலும் விதையும் போக அவ்வளவு நிற்க வேண்டுமானால் ஐந்தரைக் கிலோ வாங்குங்கள்.

சோற்றுக்கு என் யோசனை, செஸ்நட் போட்ட காளான் பிரியாணி. செஸ்நட்டுக்குத் தமிழில் பேர் தேடி அலைய வேண்டாம். சைனாடவுன் பக்கம் கருமணலில் புரட்டி வறுத்து விற்பார்களே, அதுதான். பச்சையாக வாங்கித் தோல் உரிக்கும் வேலையில் இறங்கிவிடாதீர்கள். நான் ஒரு தடவை இறங்கினேன். 3 கிலோவை உரிக்க ராத்திரி ஒரு மணி ஆனது. உள்தோல் நகக்கண்ணில் குத்தி அடுத்த இரண்டு நாள் உப்பைத் தொட முடியவில்லை. வேகவைத்து உரித்துப் பொட்டலம் கட்டியதே பேரங்காடியில் கிடைக்கும். தம் போடுகிற நேரத்தில் மேலாகத் தூவினால் போதும், முன்னாலேயே போட்டால் உடைந்து மாவாகிவிடும். காளானை மட்டும் தனியாக, பெரிய தீயில், தண்ணீர் சுண்டும் வரை வதக்கிவிட்டுச் சேருங்கள். இல்லையென்றால் பிரியாணி கஞ்சியாகும். மற்ற பதார்த்தங்களும் இருப்பதால் ஆளுக்கு 80 கிராம் அரிசி போதும், 40 பேருக்கு 3.2 கிலோ. மூன்றரையாகவே போடுங்கள், சோறு தீர்ந்து போகிற அவமானத்தைவிட மிச்சம் மேல்.

அசைவத்துக்கு ஒன்றே ஒன்று, மிளகுக்கோழி வறுவல். குழம்பு வேண்டாம். மழையில் வண்டியிலிருந்து இறக்கி, லிஃப்ட் ஏற்றி, வழுக்கும் தரையில் தூக்கிக்கொண்டு போவதற்குள் பாதி தட்டில் பாதி சட்டையில். மீனையும் இறாலையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

அப்புறம் வடை. நம்மவர் வீட்டு விசேஷம் என்றால் வடை இல்லாமல் முடியாது, தெரியும். ஆனால் மழைநாளில் பஃபேயில் வடை வைப்பது பற்றி எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. தொழில் தொடங்கிய புதிதில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு நிச்சயதார்த்தம். 150 உளுந்து வடை சுட்டு, சூடு ஆறக்கூடாதே என்று அடியில் வெந்நீர் வைக்கிற அந்த நீளத் தட்டில் அடுக்கி மூடியும் போட்டேன். வெளியே மழை சாரலடிக்கிறது, உள்ளே ஆவி அடிக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் மூடியின் உள்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடை மேல் தண்ணீர். பெண்ணின் அத்தை ஒன்றை எடுத்தார், அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விஷயம் எளிது. பொரித்த பண்டத்தின் மொறுமொறுப்பு, மேல்பக்கம் ஈரம் இல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும், மூடினால் அது போக வழியில்லாமல் மேலேயே படியும். போதாக்குறைக்கு மழைநேரத்துக் காற்றிலேயே ஈரம். அதனால் பொரித்தது எதுவானாலும் மூடாதீர்கள். காகிதம் விரித்த கூடையில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள், ஆறினால் ஆறட்டும். உளுந்து வடையைவிட மசால் வடை நின்று பிடிக்கும். அதைவிடவும் நல்லது கறிபாப், அதாவது உள்ளே மசாலா வைத்துப் பொரிக்கிற கறி பஃப். உருளைக்கிழங்கோடு சக்கரவள்ளியைப் பாதிக்குப் பாதி சேர்த்து உள்ளே வைத்தால் உங்கள் கருப்பொருளுக்கும் பொருந்தும், ஆறிய பிறகும் சாப்பிடலாம், எல்லா இனத்தாரும் கேள்வி கேட்காமல் எடுப்பார்கள்.

சுண்டலை மறந்துவிடாதீர்கள். அந்த வாரம் நவராத்திரியை ஒட்டியே இருக்கும் அல்லது முடிந்து சில நாளோ சில வாரமோ ஆகியிருக்கும், வீட்டில் எல்லாருக்கும் கை பழகியிருக்கும். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது, 40 பேருக்குத் தாராளம். தேங்காயைத் துருவிப் போடுவதற்குப் பதில் மாங்காய்த் துண்டும் எலுமிச்சையும் போடுங்கள். ஈரக்காற்றில் தேங்காய்ப்பூதான் முதலில் ஊசும்.

பக்கத்தில் ஒரு கிண்ணம் பம்பளிமாஸ் பச்சடி. செப்டம்பர், அக்டோபரில் சீனர்களின் நிலாப் பண்டிகையை ஒட்டி ஈப்போ பம்பளிமாஸ் கடைகளில் குவிந்து கிடக்கும். சுளையை உதிர்த்து, பச்சைமிளகாய், வறுத்து உடைத்த வேர்க்கடலை, கொத்தமல்லி போட்டுக் கடைசி நிமிடத்தில் உப்புச் சேர்க்க வேண்டும், முன்னாலேயே உப்புப் போட்டால் நீர் விட்டுவிடும். பிரியாணிக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடிக்குப் பதில் இதை வைத்துப் பாருங்கள். 

இனிப்புக்கு நான் பாயசம் சொல்லப் போவதில்லை. தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் அலுவலக மேசையெல்லாம் முறுக்கும் லட்டும் பக்லாவாவும்தான். இனிப்பைக் கண்டாலே அலுக்கிற நேரம் அது. எனவே ஒன்றே ஒன்று வையுங்கள், புபுர் சா சா. ஆரஞ்சு, மஞ்சள், ஊதா என்று மூன்று நிறத்துச் சக்கரவள்ளி, கொஞ்சம் சேப்பங்கிழங்கு இனத்துப் பெரிய கிழங்கு, தேங்காய்ப்பால், பாண்டான் இலை. பார்த்தால் இலையுதிர்காலமே கிண்ணத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும், மேலதிகாரி படம் எடுப்பார். கிழங்கைத் தனித்தனியாக ஆவியில் வேகவைத்துக் கடைசியில் சேருங்கள். ஒன்றாகப் போட்டால் ஊதாச் சாயம் இறங்கி எல்லாம் சேற்று நிறமாகும். வெல்லத்துக்குப் பதில் நான் குலா மெலாக்கா எனும் தென்னஞ்சர்க்கரை போடுவேன். ஆளுக்குச் சின்னக் கிண்ணம் 120 மில்லி என்றால் 5 லிட்டர் வேண்டும்.

குடிக்க, குளிர்பானப் புட்டிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு பெரிய கெட்டிலில் தே ஹாலியா எனும் இஞ்சித் தேநீர் அல்லது சுக்குக் காப்பி. மழையில் நனைந்து உள்ளே வருகிறவர் கையில் முதலில் இதைக் கொடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 8 லிட்டர் போட்டால் இரண்டாவது தடவை கேட்பவருக்கும் இருக்கும்.

சரி, யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பதற்கு வருகிறேன், தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். புரட்டாசி அக்டோபர் 17 வாக்கில் முடிந்துவிடுகிறது, அதனால் உங்கள் தேதிக்கு நம்மவரில் பெரும்பாலோர் அசைவத்துக்குத் திரும்பியிருப்பார்கள். இதே விருந்தை இரண்டு வாரம் முன்னால் வைத்திருந்தால் கதையே வேறு. ஆனால் தீபாவளி உங்கள் தேதிக்கு முன்னால் வந்திருந்தால் கந்த சஷ்டி விரதத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் அது தொடங்கிவிடும். சைவம் பத்துப் பேர் என்றீர்கள். அதில் பௌத்த சைவம் உண்டா என்று கேளுங்கள், அவர்களில் பலர் பூண்டும் வெங்காயமும் தொட மாட்டார்கள். சமணர் இருந்தால் கிழங்கே ஆகாது, நான் சொன்ன மெனுவில் பாதி அவருக்கு விலக்கு. அவருக்காகச் சுண்டலையும் ஒரு தட்டுப் பரங்கியையும் வெங்காயம், பூண்டு இல்லாமல் செய்து வைத்தால் பசியோடு போக மாட்டார்.

மலாய் நண்பர்கள் விஷயத்தில் நம்மவர் அடிக்கடி செய்கிற பிழை ஒன்று உண்டு. 'சைவம்தானே, ஹலால்தானே' என்பது. சைவச் சமையலறை என்பதாலேயே ஹலால் சான்றிதழ் வந்துவிடாது, அதை முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், தனியாகப் பரிசோதித்துத்தான் கொடுக்கும். சிலர் சைவமென்றால் சாப்பிடுவார்கள், சிலர் சான்றிதழைத் தேடுவார்கள். நீங்களே முடிவு செய்யாமல் அவர்களையே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் பிரியாணி, கோழி, கறிபாப் மூன்றையும் சான்றிதழ் உள்ள இந்தியக் கேட்டரரிடம் கொடுத்துவிட்டு, பரங்கி வறுவலையும் பம்பளிமாஸ் பச்சடியையும் மட்டும் வீட்டில் செய்வேன். தீபாவளிக்காலம், நல்ல கேட்டரர்களுக்குச் சனிக்கிழமைகள் நிரம்பிவிடும். இப்போதே கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நேரக்கணக்கு. சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்வது இது: சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற சாப்பாட்டை 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கேட்டரர் ஒட்டி அனுப்புகிற சீட்டில் எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அந்த 4 மணி நேரம் சமைத்து முடித்ததிலிருந்து ஓடுகிறது, உங்கள் வாசலுக்கு வந்ததிலிருந்து அல்ல. மூன்று மணிக்குச் சமைத்தது மழையில் மாட்டி ஐந்தரைக்கு வந்தால் உங்களுக்கு மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். ஏழு மணி விருந்து என்றால் ஆறரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், நான்கரைக்கு முன்னால் அடுப்பிலிருந்து இறக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். மிச்சச் சோற்றைக் கட்டிக்கொண்டு போய் மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிடலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். வெளியே கிடந்த சோற்றில் ஒரு வகைக் கிருமி விஷத்தைக் கக்கி வைக்கும், அது சூட்டுக்கு மசியாது. தேங்காய்ப்பால் பதார்த்தமும் அப்படியே.

அலங்காரத்துக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். கொண்டோ வளாகங்களில் கெத்தாப்பாங் மரம் பல இடங்களில் உண்டு, ஊரில் நாட்டு வாதுமை என்போமே, அது. இலை உதிரும் முன்னால் நல்ல சிவப்பாக மாறும், இந்த ஊரில் நிஜமாகவே நிறம் மாறி உதிர்கிற இலை. கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கழுவித் துடைத்து மேசையில் பரப்பச் சொல்லுங்கள், சாப்பாட்டைத் தொடாத மாதிரி. பழத்தட்டில் ஆரஞ்சு நிறப் பெர்சிமன் வையுங்கள், அந்த மாதங்களில் கடையில் வந்திருக்கும். தட்டையாக, கையில் கெட்டியாக இருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், அதை ஆப்பிள் போலத் துண்டு போடலாம். நீளக் கூம்பு வடிவத்தில் இருப்பது கொழகொழவென்று பழுத்தால்தான் ஆகும். அதற்கு முன்னால் கடித்தால் வாயெல்லாம் துவர்த்து நாக்கு மரத்துவிடும்.

கடைசியாக, கொண்டோ காவலரிடம் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள்: சாமான் இறக்கும் இடத்திலிருந்து விருந்து அறைவரை கூரை இருக்கிறதா, அறையில் சூடு காக்கும் தட்டுகளுக்கு நெருப்பு வைக்கலாமா, மின்சாரம்தானா. கூரை இல்லையென்றால் கேட்டரரிடம் முன்கூட்டியே சொல்லி மூடிபோட்ட பெட்டிகளில் கொண்டுவரச் சொல்லுங்கள். கறிபாப் பெட்டியின் மூடியை மட்டும் உள்ளே வந்த உடனே திறந்துவிடுங்கள்.